பொன்முடி ஏறும் பழைய பிக்கப்புக்கு ஸ்டெப்னி வின்ச் தேடிப் போனது

கர்க்கடக (ஆடி) மழை தொடங்கிய வாரத்தில் நானும் அப்பாவும் ஓர் இரும்புச் சாமானைத் தேடி அலைந்தோம். சாலை என்று பெயர்கொண்ட கடைத்தெருவில் தொடங்கி, கிள்ளிப்பாலம் தாண்டி ஒரு பழைய வண்டி யார்டுக்குப் போய், பிறகு பொன்முடி உச்சிவரை ஏறி இறங்கிய பயணம் இது. பழைய பிக்கப்பில் மலை ஏறுகிறவர்களும், ஏறலாமா என்று யோசிக்கிறவர்களும் படித்தால் உங்களுக்கு அலைச்சல் குறையும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சாலையில் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் உள்ள சந்தில். அப்பா வாரத்துக்கு இரண்டு தடவை அரிசி, பருப்பு, உள்ளி, எண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் இருக்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோவார். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு மகள் நானும் கூடப் போகத் தொடங்கினேன். மூட்டை எண்ணுவது, தார்ப்பாய் கட்டுவது, வளைவில் பின்னால் பார்த்துச் சொல்வது என் வேலை. ஆட்களோடு பேசுவது அப்பா வேலை. எனக்கு அது வராது.

எங்கள் பிக்கப் என்னைவிட மூத்தது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இந்த வகை வண்டிகளில் ஸ்டெப்னி, அதாவது மாற்றுச் சக்கரம், பின்பக்கம் அடியில் தொங்கும். ஒரு சங்கிலி சக்கரத்தின் நடு ஓட்டை வழியாகப் போய் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். பம்பருக்கு மேலே உள்ள துளையில் நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால் சக்கரம் மெதுவாகக் கீழே இறங்கும். அந்தச் சங்கிலியைச் சுற்றிவைத்திருக்கும் பெட்டிக்குத்தான் வின்ச் என்று பெயர்.

இதில் ஒரு தொல்லை உண்டு. கம்பி இருந்தால் யார் வேண்டுமானாலும் இறக்கலாம். சாலையில் வண்டியைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும். இரண்டு தடவை ஸ்டெப்னி காணாமல் போனது. மூன்றாவது வாங்கியதும் அப்பா நேராக வெல்டிங் பட்டறைக்குப் போய், சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து ஓர் இரும்புப் பட்டையை வைத்துப் பற்றவைத்துவிட்டார். எங்கள் தெருவில் பல வண்டிகளில் இப்படித்தான் இருக்கிறது. ஒருவர் செய்தார், எல்லோரும் செய்தார்கள். "இனி எவன் எடுக்கான்னு பாப்போம்" என்று அப்பா வண்டியின் பின்கதவில் தட்டிச் சொன்னார். எங்களாலும் எடுக்க முடியாது என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

கல்லாறு தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் இருபத்திரண்டு, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். ஒன்பதாவது வளைவில் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. நல்ல மழை. அப்பா குனிந்து ஸ்டெப்னியைத் தொட்டுப் பார்த்தார். காற்று நன்றாகவே இருந்தது. கை எட்டும் தூரத்தில் நல்ல சக்கரம், அதைக் கழற்ற வழியில்லை.

மேலேயிருந்து வந்த ஜீப்காரர் வண்டியை நிறுத்திக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது கள்ளனுக்குக் காவலா, உங்களுக்குக் காவலா?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சரான சக்கரத்தை அதே ஜீப்பில் போட்டுக்கொண்டு அடிவாரத்து ஊரான விதுரைக்குப் போனார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சு (மலை மூடுபனி) வந்து மூடியது, பிறகு விலகியது. விலகும்போதெல்லாம் எதிர் மலையில் புதிதாக ஓர் அருவி இருந்தது. அதுவரை அந்த இடத்தை நான் ஓடும் வண்டியிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். பயமாக இருந்தது என்பதும், கண்ணை எடுக்க முடியவில்லை என்பதும் இரண்டும் உண்மை.

நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அரிசிக்குக் காத்திருந்த பெண்கள் பை மடித்துக்கொண்டு திரும்பிப் போயிருந்தார்கள். கடைக்காரர் திட்டாமல் மூட்டைகளை இறக்கத் தொடங்கினார். அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை. மறுநாள் பட்டறையில் கிரைண்டர் வைத்துப் பட்டையை அறுத்தபோது வின்ச் பெட்டி இரண்டாகப் பிளந்தது. தீப்பொறி பட்டு ஸ்டெப்னி டயரின் பக்கவாட்டிலும் சூடு வாங்கியது.

"மதி, போதும். திங்கக்கிழமை யார்டுக்குக் கொடுத்திருவேன். நான் எவன்கிட்டயாவது டிரைவரா போறேன்" என்றார் அப்பா.

யார்டில் முன்பே விலை பேசி வைத்திருந்தார்கள். வண்டி போனால் பொன்முடியும் போகும். எனக்கு இருக்கும் ஒரே வெளியூர் அது. அப்பாவிடம், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் தேடிப் பாப்போமே" என்று மட்டும் கேட்டேன். அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

உடைந்த வின்ச்சை அரிசிச் சாக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். (நீங்களும் இப்படிச் செய்யுங்கள். படம் காட்டினால் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை; சாமானைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.) முதல் கடையில் கணினியில் தட்டிவிட்டு, அந்த மாடலே பட்டியலில் இல்லை என்றார்கள். அடுத்த கடையில் புது மாடல் வின்ச் காட்டினார்கள். ஆயிரத்தெண்ணூறு ரூபாய். போல்ட் துளைகள் பொருந்தவில்லை, சங்கிலியும் ஒரு சாண் குட்டை. மூன்றாவது கடையில் கோயம்புத்தூருக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டு, "வரும், எப்ப வரும்னு தெய்வத்துக்குத்தான் தெரியும்" என்றார்கள். கடைசியில், வண்டிக்கு விலை பேசியிருந்த அந்த யார்டுக்கே சாமான் கேட்டுப் போக வேண்டியதாயிற்று.

யார்டு என்றால் தமிழ்நாட்டில் காயலான் கடை என்பார்களே, அதுதான். ஆனால் வண்டிகளுக்கு மட்டும். வெளியே ஒரு தகரக் கேட்டு. உள்ளே போனதும் நான் நின்றுவிட்டேன். கதவுகள் மட்டும் சாய்த்து வைத்த ஒரு சுவர். ஸ்டீயரிங்குகள் கயிற்றில் கோத்துத் தொங்கின. ஹெட்லைட்டுகள் ஒரு குளியல் தொட்டி நிறைய, மழைத் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வண்டிகளும் ஒரு காலத்தில் எங்கெங்கோ ஓடியவை, இத்தனை பேரை ஏற்றியவை. கோயில் பிரகாரத்துக்குள் நுழைந்ததுபோல் எனக்குக் குரல் இன்னும் உள்ளே போய்விட்டது.

யார்டை நடத்துவது நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. பெயர் சுலோச்சனா. நைட்டிக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, வண்டி எங்க? கொண்டு வாறேன்னுல்லா சொன்னீங்க?"

"வண்டி வரல. வண்டிக்கு ஒரு சாமானம் வேணும்."

"கொள்ளாமே, நல்லா இருக்கே! நான் அறுக்கக் கத்தி தீட்டிட்டு இருக்கேன், நீங்க அதுக்கு மருந்து வாங்க வந்திருக்கீங்களாக்கும்." சாக்கை என் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "வெல்டிங் வச்சீங்களா? சாலைக்காரங்க எல்லாருக்கும் இதே சூக்கேடு, இதே நோய். பின்பக்கம் போய்ப் பாருங்க. உங்க வண்டிக்க அக்கா அங்க கிடக்கா."

கிடந்தது. அதே மாடல், அதே நீலம். சக்கரங்கள் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் தாழ உட்கார்ந்திருந்தது. கூரையில் பாகல் கொடி ஏறியிருந்தது.

அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. சாமானைக் கழற்றிக் கொடுக்க ஆள் கிடையாது. கழற்றுகிறவர்களுக்குத்தான் சாமான், கழற்ற முடியாவிட்டால் பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு அக்கா சாப்பிடப் போவார்; பிறகு அன்றைக்குத் திறக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமையும் திறப்பதில்லை. நாங்கள் போனது சனிக்கிழமை, பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது.

கட்டைகள் அசையாமல் இருக்கின்றனவா என்று அப்பா நான்கு பக்கமும் உதைத்துப் பார்த்தார். பிறகு சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தார். நெஞ்சுவரை போனார். அதற்கு மேல் போகவில்லை.

"ரெண்டு மாசம் கழிச்சு வாங்க அண்ணாச்சி, வயறு கொஞ்சம் வத்தட்டும்" என்றார் அக்கா.

அப்பா வெளியே வந்து சட்டையைத் தட்டினார். "இது நடக்காது மக்ளே, வா போவோம்" என்றார். நான் சாக்கில் படுத்து உள்ளே போய்விட்டேன். பேசுவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

"மோளே, உள்ள பாம்பு இருந்தா சொல்லு. அதுக்கும் ஒரு வெல போட்டுருவேன்" என்று அக்காவின் குரல் கேட்டது.

பாம்பு இல்லை. மேலே துருப்பிடித்த தளத்தின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்தது. என் முகத்துக்கு நேர் மேலே அந்த வண்டியின் ஸ்டெப்னி தொங்கியது. தூசியைத் துடைத்தேன். புது டயரில் முடிமுடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது அப்படியே இருந்தது. ஒன்றுகூடத் தேயவில்லை. அந்த வண்டி ஓடித் தீர்ந்து, எஞ்சின் போய், கண்ணாடி போய், கொடி படர்ந்த பிறகும், இந்தச் சக்கரம் ஒருமுறைகூடத் தரையைத் தொட்டதில்லை. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ரோட்டுக்கு ஒரு முழம் மேலேயே வந்திருக்கும்! யாருக்காவது தேவைப்படுமோ என்று தயாராகவே இருந்திருக்கிறது.

வின்ச்சைப் பிடித்திருந்தது மூன்று போல்ட்டுகள். இரண்டு டீசல் ஊற்றியதும் இளகின. மூன்றாவது அசையவில்லை. பெரிய ஸ்பானர் வேண்டும். வெளியே அப்பாவும் அக்காவும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மெல்லச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. கேட்டின் சங்கிலியை யாரோ இழுக்கும் சத்தம் வந்தது.

"கேட்டைப் பூட்டாதீங்க! பதினேழாம் நம்பர் ஸ்பானர் தாங்க, ஒரு பைப்பும் தாங்க!"

சங்கிலிச் சத்தம் நின்றது. பிறகு அக்கா, "அய்யோ, இதுக்கு வாய் உண்டா?" என்றார். ஸ்பானர் வந்தது. பைப்பைச் செருகி, இரண்டு காலையும் சட்டத்தில் உதைத்து இழுத்தேன். போல்ட் கத்தியது, பிறகு திரும்பியது. சோறு ஆறுகிறது என்று திட்டிக்கொண்டே அக்கா ஒன்றரை மணிவரை நின்றார். மூன்றும் இளகியதும், முதலில் ஸ்டெப்னியைத் தரையில் இறக்கிவிட்டு, பிறகு வின்ச்சைக் கழற்றி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வின்ச் எண்ணூறு ரூபாய். இருநூறு சேர்த்துக் கொடுத்தால் அந்த டயரையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் அக்கா. அப்பாவுக்கு ஆசை. நான் பக்கவாட்டைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினேன். காய்ந்த களிமண் மாதிரி மெல்லிய வெடிப்புகள் விரிந்தன. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஆகும். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். விட்டு வர எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்தில் வைத்தே மாட்டினோம். இந்தத் தடவை வெல்டிங் இல்லை. தடித்த சங்கிலியும் கழற்றக்கூடிய பூட்டும். சாவி ஒன்று வண்டிச் சாவியோடு, இன்னொன்று என் கழுத்தில். சூடு வாங்கிய டயர் அவசரத்துக்கு ஓடும், சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்று பஞ்சர் கடையில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை யார்டுக்குப் போக வேண்டிய வண்டி, காலை ஐந்தரைக்கு அரிசி ஏற்றிக்கொண்டு நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் புறப்பட்டது. வளைவுகள் முடிந்ததும் ஓர் அகலமான இடத்தில் அப்பா ஓரம் கட்டினார். "இறக்கு" என்றார். பஞ்சர் ஒன்றும் ஆகவில்லை. நான் இறங்கிப் பூட்டைத் திறந்து, கம்பியை விட்டுச் சுற்றினேன். மஞ்சுக்குள் சங்கிலியின் கடகட சத்தம் மட்டும் கேட்டது. சக்கரம் தரையில் உட்கார்ந்தது. திரும்ப ஏற்றிப் பூட்டினேன். அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை, கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். லயத்துக் கடை முன் பெண்கள் பைகளோடு நின்றிருந்தார்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை இவ்வளவுதான். மலைக்குப் புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே ஸ்டெப்னியை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள். சங்கிலிக்குக் கிரீஸ் போடுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது. சரக்குக்கு அடியில் ஸ்டெப்னியைப் போடாதீர்கள், மழையில் எல்லா மூட்டையையும் இறக்க வேண்டிவரும். பழைய மாடலுக்குச் சாமான் வேண்டும் என்றால் புதுக் கடைகளில் நாளைக் கழிக்காமல் காலையிலேயே யார்டுக்குப் போங்கள். சொந்த ஸ்பானர், டீசல், பழைய சாக்கு கொண்டுபோங்கள். பொன்முடிக்கு மழை நாளில் போகும் முன் ரோடு திறந்திருக்கிறதா என்று கல்லாறு செக்போஸ்ட்டில் விசாரியுங்கள். பேருந்துகள் குறைவு, நம்பிப் போக வேண்டாம்.

திரும்பும் வழியில் நெடுமங்காட்டில் டயர் கடை முன் நிறுத்தினோம். ஸ்டெப்னிக்கு ஒரு டயர் வேண்டும் என்று கேட்டோம். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து மற்ற நாலையும் பார்த்துவிட்டு, "இந்த வண்டிய இனி எவ்வளவு நாள் ஓட்டப் போறீங்க? ஒண்ணு போதுமா?" என்றார். நான் வழக்கம்போல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா குனிந்து அடியில் தொங்கிய ஸ்டெப்னியைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் கேட்டார்: "அஞ்சும் மாத்தணும்னா எவ்வளவு ஆகும்?"