பெயிண்டரின் இரண்டு கோட்டிங்

வீடுகளுக்குச் சாயம் அடிக்கும் பெயிண்டர் நாலாங்கிளாஸோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஏணி பிடிக்க வந்தவர், இன்று பதினெட்டு ஆட்களை ஏணியில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று அதட்டுகிறார். "யார் தயவும் இல்லாம தனியாளா மேல வந்தவன் நான்" என்று தினம் நாலு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உழைத்து வந்தவன் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வார்கள்?

அந்த வாயால்தான் வம்பு வந்தது. மொட்டைமாடியில் பூசணி போட்டிருப்பதைக் கேட்டு, மகளின் மாமனார் போனில் சிரித்தார்.

"அடுத்த தடவை வாங்க சம்பந்தி. தூக்க முடியாம ஒரு காய் தூக்கிட்டுப் போவீங்க!" என்று இவர் அடித்துவிட்டார்.

கொடி ஓடியது, பூத்தும் தள்ளியது. இலையில் நாலு பூச்சியைக் கண்டதும் பெயிண்டருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுவருக்குச் சாயம் பீய்ச்சும் மெஷினில் பூச்சிமருந்தை ஊற்றினார். தினமும் காலை ஏழு மணி, பூ விரிந்திருக்கும் நேரம். ஒரு கோட்டிங், காயவிட்டு இன்னொரு கோட்டிங்.

"செடிக்கு எதுக்குங்க ரெண்டு கோட்டிங்?" என்றாள் மனைவி.

"தொழில் தெரியாம பேசாத. ஒரு கோட்டிங்ல எது நின்னிருக்கு?"

மருந்து நின்றது. பிஞ்சுதான் நிற்கவில்லை. எலுமிச்சை அளவில் மஞ்சளாகி உதிர்ந்தது. கூடவே தரையில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. இரண்டையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினாரே தவிர, இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

சம்பந்தி வர ஒரு வாரம்தான் இருந்தது. பெயிண்டருக்குத் தூக்கம் போயிற்று.

"இங்க வந்து பாருங்க!" என்று மனைவி ஒருநாள் காலையில் கூப்பிட்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மெஷின் குழாய் எட்டாத மூலையில், குடம் போல ஒரு பூசணி! பக்கத்துப் பூவில் ஒரு தேனீ உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு புரண்டு எழுந்து அடுத்த பூவுக்குத் தாவியது.

"அது பூவுக்குப் பூ பொடி பூசினாத்தான் காய் நிக்கும். கூலி கேக்காத ஆளை நீங்களே கொன்னுட்டு, காயைக் காணோம்னா?"

பெயிண்டர் மெஷினைத் துணி சுற்றிக் கீழே இறக்கினார். உடம்புக்கு என்னவோ என்று அவள் பயந்தே போனாள். அவரோ ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி, தேனீ மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் வைத்தார்.

சம்பந்தி வந்தார். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து அசந்துபோனார். "தனியாளா சாதிச்சுட்டீங்களே!"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தத் 'தனியாள்' பெயிண்டருக்கு இனிக்கவில்லை.

"தனியாள்னு சொல்ல முடியாது சம்பந்தி. மேல ஆள் வேலை பாக்குது. பொடி ஆளுங்க. ஏழு மணிக்கெல்லாம் டாண்ணு வந்துடுவாங்க."

"ஆமாண்ணா," என்றாள் மனைவி. "இவர் கை படாத இடமாப் பாத்துத்தான் வேலையே செய்வாங்க."