சவுக்கையில் விட்டுவந்த சொல்

எங்கள் சீமை வெள்ளைக்காரனுடையது. தென்காசியைத் தாண்டி மேற்கே போனால் வரும் செங்கோட்டை, திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. நடுவில் சவுக்கை, அதாவது வண்டியை நிறுத்திச் சோதனை போடும் இடம். புகையிலையும் உப்பும் கள்ளத்தனமாக அந்த ராஜ்யத்துக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அந்தச் சோதனை. எங்களிடம் இருந்ததோ வெறும் கருப்பட்டி. ஆனாலும் முதல் தடவை போனபோது அங்கே நின்று நின்று என் கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கூலியாட்களுக்குக் கருப்பட்டி எவ்வளவு வந்தாலும் போதவில்லை என்று செங்கோட்டைக் கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். கோடை முழுவதும் என் வீட்டுக்காரர் பனையேறிப் பதநீர் இறக்க, நான் அடுப்படியில் வெந்து காய்ச்சிய கருப்பட்டி அது. மழைக்காலத்தில் பனை ஒன்றும் தராது. இது விற்றால்தான் ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி. ஓலைச் சிப்பங்களாகக் கட்டி ஏற்றி, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கமிருந்து இருவரும் வண்டியில் புறப்பட்டோம்.

நாங்கள் சவுக்கைக்குப் போய்ச் சேருவதற்குள் சாரல் முந்திக்கொண்டுவிட்டது. கருப்பட்டிக்கு மழை ஆகாது. ஈரம் பட்டால் கசிந்து இளகிவிடும்.

"என்ன சரக்கு?" என்றார் அதிகாரி, கூரைக்கு அடியில் உட்கார்ந்தபடி.

"நான் கருப்பட்டி கொண்டாந்திருக்கேன், ஐயா," என்றார் என் வீட்டுக்காரர்.

"நானா?" அதிகாரி சிரித்தார். "யாரடா அந்த நான்?"

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ராஜ்யத்தில் எங்கள் சாதிக்காரர்கள் பெரிய மனிதர்கள் முன்னால் 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியேன்' என்றுதான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கோ அது ஜெபத்தில் சொல்லும் சொல். ஆண்டவரைத் தவிர வேறு எவரிடமும் அதைச் சொல்லமாட்டேன் என்று சபையில் எழுந்து நின்று சொன்னவர் அவர். தலைத்துண்டைக்கூட எடுக்காமல் நிமிர்ந்து நின்றார்.

"புகையிலை ஒளிச்சிருக்கான்னு பார்க்கணும். எல்லாத்தையும் அவிழ்த்துத் தரையிலே கொட்டு," என்று அதிகாரி சேவகனுக்கு உத்தரவு போட்டார். சொல் சரியாக வந்திருந்தால் ஒரு கம்பியால் குத்திப் பார்த்து அனுப்பியிருப்பார்கள். எங்களுக்கு முன்னால் வந்த வண்டி அப்படித்தான் போயிற்று.

சேவகன் இரண்டு சிப்பங்களை அவிழ்த்துக் கொட்டினான். என் கண்ணெதிரே கருப்பட்டி பளபளத்து, இளகி, சேற்றோடு சேர ஆரம்பித்தது. வண்டியை விட்டு இறங்கி என் வீட்டுக்காரர் பக்கத்தில் போனேன்.

"சொல்லித் தொலைங்களேன். ஒரு சொல்லுதான?"

"ஏட்டி, அது மேல இருக்கவருக்குன்னு வச்சிருக்க சொல்லு."

"மேல இருக்கவரு மழையல்லா பெய்ய விட்டுட்டு இருக்காரு! ஐப்பசியில புள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்க?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, "அடியேன் கருப்பட்டி கொண்டாந்திருக்கேன்," என்றார். அதிகாரி கையை அசைத்தார். மிச்சச் சிப்பங்கள் அவிழாமல் உள்ளே போயின.

நான் சொன்னதைத் தப்பென்று இன்றுவரை நினைக்கவில்லை. பெரிய ராஜ்யத்தின் வாசலில் நிற்கிற சின்ன மனுஷர்கள் நாங்கள். வீறாப்பைக் காய்ச்சிக் கஞ்சி வைக்க முடியுமா? ஆனால் அன்று சாயங்காலம் செங்கோட்டையில் வண்டியோரம் உட்கார்ந்து ஜெபம் பண்ணும்போது, "ஆண்டவரே," என்றவர் அதோடு நின்றுவிட்டார். அடுத்து 'அடியேன்' வரும் என்று நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "நான் வந்திருக்கேன்," என்றார்.

அப்புறம் ரயில் வரும்வரை வருஷா வருஷம் போனோம். அதிகாரி கேட்கும் முன்பே 'அடியேன்' வந்துவிடும். வண்டியும் நிற்காமல் போய்விடும். ஜெபத்துக்கு மட்டும் அது திரும்பி வரவேயில்லை. சபையில் எல்லோரும் 'அடியேன்' என்னும்போது இவர் ஒருவர் மட்டும் 'நான்' என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டே விட்டேன்.

"ஆண்டவர்கிட்டயாவது அடியேன்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னா அவருக்கே சந்தேகம் வந்துரும்ட்டி," என்றார். "தன்னையக் கூப்புடுதானா, சவுக்கைக்காரரக் கூப்புடுதானான்னு."