டொப் அண்ணனும் பின்னறையும்

வண்டியை மேஜையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குவார். முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி. கண்ணை மூடிக்கொள்வார். மூச்சை நிறுத்துவார். சட்டென்று இரண்டு கையையும் விடுவார். டொப். வண்டி நான்கு சக்கரத்திலும் விழுந்து, ஒருமுறை தாழ்ந்து, எழுந்து நிற்கும். கண்ணைத் திறக்காமலே தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தின் வால் வரைக்கும் கேட்பார். பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்; ஸ்க்ரூடிரைவரை எடுப்பார்.

ஒன்றும் சொல்லாத நாள்தான் அதிகம்.

அதனால் எங்கள் கிளப்பில் அவருக்கு டொப் அண்ணன் என்று பெயர். மேடும் பள்ளமுமாக அமைத்த மண் தடத்தில், முழங்கை நீள ரிமோட் வண்டிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டும் கிளப் அது. ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு மீசை நரைத்திருக்கும். நான் ஓட்டுவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யார் எத்தனை சுற்று என்று பார்ப்பேன். அந்த ரக வண்டிக்கு 'பக்கி' என்று பெயர். டொப் அண்ணனின் மனைவி அந்தச் சொல்லை வண்டிக்குச் சொல்கிறாரா, அவருக்குச் சொல்கிறாரா என்பது எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவர் பொறுப்பிலிருக்கும் அலுவலக லிஃப்ட், மூன்றாவது மாடியில் தரைக்கு நான்கு விரல் கீழே நிற்கும். கேட்டால், காலைத் தூக்கி வைத்து வாருங்கள், உடம்புக்கு நல்லது என்பார். அதே மனிதர், வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து அரை மில்லிமீட்டர் இறங்கிவிட்டால் சோறு இறங்காமல் தவிப்பார்.

வண்டி வாங்கிய கதை தனி. மோட்டார் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற வண்டியா, நடுவில் இருக்கிற வண்டியா என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார். புழுதித் தடத்துக்கு மோட்டார் பின்னால் இருப்பது நல்லது, இறுகிய தடத்துக்கு மோட்டார் நடுவில் இருப்பது நல்லது என்பார்கள். எங்கள் தடமோ காலையில் புழுதி, தண்ணீர் தெளித்தால் இறுகல், மத்தியானம் மறுபடி புழுதி. எல்லாரிடமும் யோசனை கேட்டார். பந்தயங்களில் வழக்கமாக முதலில் வருகிற பேக்கரிக்காரரிடமும் கேட்டார். எந்த வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்துக் கடையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள் என்றார் அவர். யோசனை சப்பென்று இருந்ததால் அண்ணன் அதை மதிக்கவில்லை. வீடியோவில் யாரோ ஒரு சாம்பியன் ஓட்டியதை வாங்கினார்.

வாங்கிய வண்டி வாங்கியபடி ஒருநாள்கூட ஓடவில்லை. சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஆர்ம் போய் அலுமினிய ஆர்ம் வந்தது. பிளாஸ்டிக் இடித்தால் வளைந்துகொடுக்கும், அலுமினியம் கொடுக்காது. அதனால் அடுத்த இடியில் அதற்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் உடைந்தது. அதையும் அலுமினியமாக்கினார். அதற்கடுத்த இடியில் அதற்கும் பின்னாலிருந்தது. உடைசல், வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, வாசலில் தொடங்கி, கூடம் தாண்டி, சமையலறை வரைக்கும் உள்ளே வந்துவிட்டது. அலுமினியத்தால் எடை ஏறியது. எடை குறைக்க டைட்டானியம் திருகு. புது எடைக்குப் புது ஸ்பிரிங். புது ஸ்பிரிங்குக்கு, அதிர்வைத் தாங்கும் ஷாக்குக்குள் ஊற்றும் எண்ணெய் வேறு. எண்ணெய்க் குப்பிகள் மட்டும் ஒரு தட்டு நிறைய நின்றன. தேன் மாதிரி ஒன்று, தண்ணீர் மாதிரி ஒன்று, நடுவில் அவருக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிற மற்றவை.

பேக்கரிக்காரர் டயரை மட்டும் மாற்றுவார். வண்டியைத் துடைப்பதுகூடக் கிடையாது. போன வாரச் சேறும் சேர்ந்தே முதலில் வரும்.

இத்தனையும் நடந்த இடம் அண்ணன் வீட்டுப் பின்னறை. நியாயமாக அது மகளுக்கு உரியது. கல்லூரிக்குப் போகிற பெண் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டு, அப்பா எண்ணெய் மாற்ற விளக்கைப் போடும்போதெல்லாம் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். உடை மாற்றக் குளியலறை, போன் பேச மொட்டைமாடி, படிக்கச் சாப்பாட்டு மேஜை. அண்ணி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தபடி, அடுத்தவர் ஓட்டுவதைப் பொறுத்துக்கொள்வதே அவர் தொழில். ஒருநாள் வீட்டிலும் மிதித்தார்.

"இவ்ளோ மாத்திட்டீங்கல்ல? ஏதாவது மாறியிருக்கணும்ல?"

"செட்டிங் வந்துட்டே இருக்கு."

"எங்கேருந்து? நடந்தா?"

அன்றைக்கே பேச்சு முடிவானது. சீசனின் கடைசிப் பந்தயத்தில் அண்ணன் ஏ ஃபைனலுக்குள் போக வேண்டும். அதாவது முதல் பத்துப் பேரில் ஒருவராக. போனால் பின்னறை அவருக்கு, இனி யாரும் கேட்க மாட்டார்கள். போகாவிட்டால் மேஜை பால்கனிக்கு, அறை மகளுக்கு. மறுவாரம் கிளப் முழுக்க இந்தச் செய்தி தெரிந்திருந்தது. அண்ணனே சொல்லியிருந்தார், தோற்போம் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர்.

இதற்கிடையில் அவர் கழற்றிப் போட்ட ஒரிஜினல் பாகங்கள் ஓர் அட்டைப்பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தன. மகள் ஒருநாள் அதைத் தரையில் கொட்டிப் பார்த்தாள். அடித்தட்டிலிருந்து ஆர்ம் வரை ஒரு முழு வண்டி இருந்தது, தொழிற்சாலையில் நினைத்தபடியே. பழைய மோட்டார் ஒன்றை பேக்கரிக்காரர் கொடுத்தார். அறை இல்லாத பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்க என்ன காரணம்? அவளும் புதியவர்கள் பிரிவில் ஓட்ட வந்துவிட்டாள். அண்ணன் அவள் வண்டியைத் தூக்கி, கண்ணை மூடி, விட்டுப் பார்த்தார். "ம்" என்று வாய்வரை வந்ததை விழுங்கியதைப் பார்த்தேன்.

கடைசிப் பந்தய நாள் வந்தது. முதல் தகுதிச் சுற்றில் அண்ணன் எட்டாவது. அவர் பெயர் அவ்வளவு மேலே நிற்பதை என் திரை அதுவரை கண்டதில்லை. பேக்கரிக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தொடாதீங்க. பேட்டரிய மட்டும் மாத்துங்க, போதும்."

"பின்பக்கம் கொஞ்சம் அலைபாயுது."

"அலைபாயட்டும்ணே. எட்டாவதா இருந்துக்கிட்டுத்தானே அலைபாயுது?"

தொட்டார். எண்ணெயை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், இரண்டும் ஒத்துவராமல் டயரையும் மாற்றினார். மற்றச் சுற்றுகள் முடிந்தபோது பதினொன்றாவது இடத்துக்கு இறங்கியிருந்தார். பத்துப் பேருக்கு ஏ ஃபைனல். பதினொன்று என்றால் பி ஃபைனல். ஆனாலும் ஒரு கதவு திறந்திருந்தது: பி ஃபைனலில் ஜெயிக்கிறவர், ஏ ஃபைனலில் கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்ளலாம். அறை இன்னும் கைவிட்டுப் போகவில்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டி முடித்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. அடுத்த ரேஸுக்குத் தடத்தின் வளைவுகளில் ஆளுக்கோர் இடமாக நின்று, கவிழ்கிற வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும். உங்களை இடித்துத் தள்ளியவரின் வண்டியாக இருந்தாலும் ஓடிப்போய் நிமிர்த்த வேண்டும். இரண்டு கவிழ்ந்தால், முதலில் கவிழ்ந்ததுக்குத்தான் முதல் கை. பி ஃபைனலுக்கு முன்னால் ஓடியது புதியவர்கள் பிரிவு. ஆகவே மகள் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பெரிய மேட்டுக்கு அடுத்த வளைவில் வந்து நின்றாள். அவளை யாரும் யோசித்து அங்கே நிறுத்தவில்லை. காலியாக இருந்தது அந்த இடம்தான்.

அண்ணன் அன்றைக்கு ஓட்டிய மாதிரி அதற்குமுன் ஓட்டியதில்லை. மாற்றுவதற்கு நேரமில்லாததால் ஓட்டினார் என்று பேக்கரிக்காரர் என் காதில் சொன்னார். கணக்கு வாத்தியார் ஒருவரும் அவரும் மாறி மாறி முன்னால் போனார்கள். கடைசிச் சுற்று. வாத்தியார் அரை வண்டி முன்னால். பெரிய மேட்டில் இரண்டும் பறந்தன. வாத்தியாரின் வண்டி மூக்கு குத்திப் புரண்டது. அண்ணனுடையது அதன் மேலேயே இறங்கி, அதுவும் புரண்டது. மகளின் காலடியில் எட்டுச் சக்கரங்கள் ஆகாயத்தைப் பார்த்துச் சுழன்றன.

எது முந்தி என்று சத்தியம் செய்து சொல்ல ஆளில்லை. அப்பாவுடையதை முதலில் தூக்கியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்ற அண்ணியின் வலது கால் தரையை அழுத்துவது தெரிந்தது. மகள் குனிந்தாள். வாத்தியாரின் வண்டியை எடுத்துத் தடத்தில் வைத்தாள். அப்புறம் அப்பாவுடையதை வைத்தாள். கோட்டைத் தாண்டும்போது வாத்தியார் ஒரு வண்டி நீளம் முன்னால்.

ஓட்டுநர் மேடையிலிருந்து அண்ணன் இறங்கினார். அடுத்தவர் டயரின் அகலத்தைக் கேலிப்பர் வைத்து அளந்து சண்டைக்கு நிற்கிறவர் அவர். எல்லாரும் ஒரு பெரிய சத்தத்துக்குத் தயாரானார்கள். கிளப் செயலாளர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதாமல் அவரையே பார்த்தார்.

"அண்ணே, எதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"இல்ல... சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடணும்."

"ஒண்ணுமில்லப்பா. அடுத்த ரேஸை விடு."

மகள் வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவரோடதுதான்பா முதல்ல கவுந்துச்சு."

"பார்த்தேன்." ஒரு டயரிலிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தள்ளினார். "பால்கனியில வெயில் வருமா?"

"காலையில மட்டும்."

"அப்ப டயர் ஒட்டுற பசைக்குப் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சு ஜாக்கெட்டை அவளிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு, ஏ ஃபைனலுக்கு வண்டி நிமிர்த்தப் போய் நின்றார்.

மேஜை பால்கனிக்குப் போனது. அங்கிருந்து உருளும் திருகுகள் நேராகக் கீழ்வீட்டுக்குப் போயின. கீழ்வீட்டுக்காரர் நாற்காலிகூட இப்போது டைட்டானியத்தில்தான் நிற்கிறதாம். மகள் தன் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அதைப் பொருத்தியவர் அண்ணன். அரை மில்லிமீட்டர் சரியில்லை என்று மறுநாள் கழற்றி மறுபடி பொருத்தினார்.

அடுத்த சீசன் தொடங்கியபிறகு, பேச்சோடு பேச்சாக பேக்கரிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்காரர் வண்டியை அதே வீட்டுக்காரர் நிமிர்த்தக் கூடாது என்று கிளப்பில் ஒரு விதி இருக்கிறது. அப்படி நடந்துவிட்டால், அடுத்த ரேஸுக்கு விசில் ஊதுவதற்குள் பாதிக்கப்பட்டவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முழு ரேஸையும் திரும்ப ஓட்டியாக வேண்டும். மகளுக்கு அது தெரியாது. சில வருஷங்களுக்கு முன்னால், ஓர் அண்ணனும் தம்பியும் சேர்ந்து தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் எழுந்து நின்று, மற்றவர்கள் களைத்துப்போகும்வரை வாதாடி அந்த விதியைக் கொண்டுவந்தவர் டொப் அண்ணன்.