கோடு போட்ட ஆப்பிள்

எழுபதுகளில் நான் துபாய் சத்வாவில் ஒரு பழக்கடையில் வேலை பார்த்தேன். ஆப்பிள் பருவம் வந்தால் லெபனான் மலையிலிருந்து ஒரு விவசாயி தன் மனைவியோடு லாரியில் வருவார். அவர்கள் பழம் சிறியது; மஞ்சள் தோலில் சிவப்புக் கோடுகள் ஓடும். அந்த அம்மாவின் முன்னோர்கள் வைத்த மரங்கள், அவர்கள் ஊரில் மட்டும் விளைந்த பழைய ரகம். பளபளப்பு இல்லாததால் முதலில் யாரும் தொட மாட்டார்கள். விவசாயி ஒன்றை நறுக்கி நீட்டுவார். தின்றவர்கள் பை நிறைய வாங்கிப் போவார்கள்.

லெபனானில் சண்டை மூண்டதும் லாரி நின்றுபோனது. மறு வருஷம் விவசாயி மட்டும் வந்து முதலாளியிடம் வேலை கேட்டார்.

“அம்மா வரலையா?” என்று எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன்.

“பழம் பறிக்கப் போனா. ‘குண்டு தூரத்துலதான விழுது, விட்டா எல்லாம் உதிர்ந்துடும்’னா. தோட்டத்துலயே விழுந்துடுச்சு. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது.”

அம்மாவை அந்த மரங்களுக்கு நடுவிலேயே புதைத்திருந்தார்.

எங்கள் கடையில் அவர் அமெரிக்க ஆப்பிள்களைத் துடைத்து அடுக்கினார். ஒன்றைக்கூடத் தின்று நான் பார்த்ததில்லை. அடுத்த பருவம் வந்ததும் ஊருக்குக் கிளம்பினார். சண்டை ஓயவில்லையே என்று முதலாளி தடுத்தார்.

“இப்ப மரமெல்லாம் காய்ச்சிருக்கும். அவ அங்க தனியா இருக்கா” என்றார்.

லாரி நிலையம் வரை கூடப் போனேன். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.