புதுப் பெயரில் வரப்போகும் கார்டு

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்த கையோடு வந்து, குன்றத்தூரில் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலில் வாங்கிய பெரிய பொருள் லேப்டாப். வீடியோவையும் கேமையும் வேகமாக ஓட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளதுதான் வேண்டும் என்று கடைக்காரரை நச்சரித்து வாங்கினேன். மறுமாதமே அதைவிடப் பெரிய எண் போட்ட கார்டு சந்தைக்கு வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இணையத்தில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, புதியதற்குள் இருந்ததும் என்னிடம் இருந்த அதே சிப்தான். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அதிலிருந்து அடுத்து வரும் கார்டு எப்படி இருக்கும் என்று கணிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. விலை உயர்ந்த கார்டுகளைப் பற்றிப் பேச எங்கும் ஆள் இருக்கிறது. நான் பின்தொடர்ந்தது நடுத்தர விலை லேப்டாப்புகளில் வருபவற்றை. எங்களைப் போன்றவர்கள் வாங்குவதும் அவற்றைத்தான், பெயர் மாற்றும் வேலை அதிகம் நடப்பதும் அங்கேதான். வதந்திகளையும் கசிந்த படங்களையும் படித்துவிட்டு நானே ஒரு முடிவுக்கு வருவேன். பெரும்பாலும் அது பலிக்கும். கம்பெனி பஸ்ஸில் யாராவது லேப்டாப் பேச்செடுத்தால் என் இருக்கைப் பக்கம் கையைக் காட்டுவார்கள்.

அப்படித்தான் எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் கிடங்கில் வேலை செய்த அண்ணன் ஒருவர் ஒரு கார்த்திகை மாதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குன்றத்தூர்க்காரர். அவர் மனைவி வீட்டிலேயே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவர். பழைய கம்ப்யூட்டர் பாதி வேலையில் நின்றுவிடுகிறதாம்.

“அண்ணி தினம் என்னாண்ட சண்டை போட்டுகினு கீதுமா. நல்ல லேப்டாப்பா ஒண்ணு சொல்லு, இந்த ஞாயித்துக்கிழமையே வாங்கிடலாம்” என்றார்.

இப்போது வாங்க வேண்டாம், பொங்கல் தாண்டட்டும் என்றேன். ஜனவரியில் புது வரிசைக் கார்டுகளை அறிவிப்பார்கள். அவருக்கு முகம் மலர்ந்தது. அப்போது புதுசையே வாங்கிவிடலாம் என்றார். இல்லை அண்ணா, அப்போதும் பழையதைத்தான் வாங்கப் போகிறோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவருக்குப் புரியவைக்கத் தொழிற்சாலையிலேயே உதாரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன்பு புது மாடல் காருக்கென்று, பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் ஒன்று வந்திறங்கியது. அதற்குப் புது எண், புது ஸ்டிக்கர், புது ரேக். அளந்து பார்த்தால் பழைய மாடலுக்கு வந்துகொண்டிருந்த அதே பிராக்கெட். அதை இறக்கி அடுக்கியவர் அவர், அளந்தவள் நான். வரப்போகிற நடுத்தரக் கார்டும் அதே கதைதான் என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் அண்ணியிடம் இதை நீயே வந்து சொல்லு என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அண்ணி அவ்வளவு எளிதில் சிரிக்கிறவர் இல்லை. திரையில் ஒரு தாலி கட்டும் காட்சி பாதியில் உறைந்து நிற்க, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“பழசைத்தான் வாங்கணும்னா இன்னிக்கே வாங்கலாமே. எதுக்கு தை வரைக்கும் காத்துகினு இருக்கணும்?”

“இன்னைக்கு அது புதுசு அண்ணி, கடைக்காரன் புதுசோட விலைதான் சொல்லுவான். அடுத்த எண்ணு வந்துட்டா அதையே கழிச்சுக்கட்டத்தான் பாப்பான்.”

“இத யாரு சொன்னா உனுக்கு?”

யாரும் சொல்லவில்லை, என் கணிப்புதான் என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார். என்னிடம் கடைசியாக ஒரு வாதம் இருந்தது. மார்கழியில் எப்படியும் கல்யாணம் கிடையாது, காத்திருப்பதால் ஒரு வேலையும் கெடாது. அதில்தான் அண்ணி இறங்கிவந்தார். ஆனால் தை முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் கையில் லேப்டாப் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மார்கழி முழுவதும் அறையில் நான் லேப்டாப்பை மூடியதே இல்லை எனலாம். அறைத்தோழிகள் கேலி செய்தார்கள். எனக்குப் பதற்றம் இல்லை. உண்மையிலேயே புது சிப் வரும், வேகம் இரண்டு மடங்காகும் என்று ஒரு கூட்டம் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தது. கசிந்த படத்தில் இருந்த அளவுகள் எல்லாம் பழைய சிப்போடு ஒத்துப்போனதை நான் பார்த்துவிட்டேன். பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு அறிவிப்பு வந்தது. சொன்னபடியே பெரிய எண், அதே சிப். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் அண்ணனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: “பிராக்கெட்.”

பொங்கல் விடுமுறையை ஒட்டி வந்த சனிக்கிழமை மூவரும் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். நான் குறித்து வைத்திருந்த மாடல் கார்த்திகையில் இருந்ததைவிட நன்றாகவே விலை இறங்கியிருந்தது. பில் போடச் சொல்லப் போன என்னை அண்ணி தடுத்து, கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். அவர் எடிட் செய்த கல்யாணம் ஒன்று அதில் இருந்தது. வீடியோ தங்குதடையில்லாமல் ஓடியது. எனக்குப் பெருமை. அண்ணி லேப்டாப் திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார்.

“பொண்ணு கட்டியிருக்கறது அரக்குக் கலர் பட்டு. இதுல மண்ணு கலரா தெரியுது. இது வாணாம்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கார்டைப் பற்றி அத்தனை படித்த நான் திரையைப் பற்றி ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்த இன்னொன்றில் அதே வீடியோவைப் போட்டுப் பார்த்தார். பட்டு அரக்காகத் தெரிந்தது. கார்டின் பெயரும் அதேதான். ஆனால் அதில் வேகம் குறைந்த மெமரி போட்டிருந்தார்கள். ஒரே பெயரில் இரண்டு விதமாக விற்பார்கள் என்று விளக்கினேன். எடிட்டிங்கில் காட்சிக்கு மேல் காட்சி அடுக்கியபோது வீடியோ திக்கவும் செய்தது.

“திக்கினா நான் காத்துக்குவேன். கலரு மாறிப்போனா பொண்ணு வூட்டுக்காரங்க காத்துக்க மாட்டாங்க.”

அவர் சொன்னதை ஒத்துக்கொண்டேன். ஆனால் இதே திரையோடு நல்ல மெமரி உள்ளதும் வந்திருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். கடைக்காரரிடம் கேட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார். இருக்கிறது, அட்டைப்பெட்டி லேபிளில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கும், குடோனில் பாருங்கள் என்றேன். வேண்டாவெறுப்பாக ஆளை அனுப்பினார். டீ வாங்கி வந்து குடித்து முடிக்கும் நேரத்தில் பெட்டி வந்தது. அண்ணி மறுபடி பென்டிரைவைச் செருகினார். பட்டின் நிறமும் சரியாக இருந்தது, காட்சியும் திக்கவில்லை. அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்து, இனி தன்னைக் கேட்காமலே பில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அந்தத் தையிலும் மாசியிலும் அண்ணி ஒரு வேலையையும் திருப்பி அனுப்பவில்லை. பங்குனியில் பென்னலூரில் இருந்தும் சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்தும் அவரைத் தேடி ஸ்டூடியோக்காரர்கள் வந்தார்கள்.

அடுத்த வருடம் என் கணிப்பு தவறியது. பெயர் மாற்றம்தான் என்று அடித்துச் சொன்னேன், வந்தது நிஜமாகவே புது சிப். அண்ணியிடம் போய்ச் சொன்னபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஸ்டூல் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

“சரி விடு. அதுக்கு அடுத்தது எப்டி வரும்னு சொல்லு.”

உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.