இலவம் பஞ்சுக்காக உயர்த்திய வண்டித்தட்டி

போடி மலையடிவாரத்தில் எங்களுக்கு இலவந்தோப்பு உண்டு. பஞ்சு கனமில்லையே, ஒரே நடையில் நிறைய ஏற்றலாமென்று மாட்டுவண்டியின் மூங்கில் தட்டிகளை ஆளுயரத்துக்கு மேல் உயர்த்திக் கட்டினேன். பஞ்சை அமுக்க என் பன்னிரண்டு வயது மகளை உள்ளே இறக்கினேன்.

“கால் கூசுதுப்பா.”

“மிதி ஆத்தா, பஞ்சு என்ன கல்லா?”

அப்போது வண்டிக்குள் பின்பக்கம் குவித்திருந்த பஞ்சு சரிந்து அவளை மூடிவிட்டது. கூப்பிட்டேன், பதிலில்லை. தட்டிமேல் ஏறி அள்ள அள்ள, அந்தப் பள்ளத்தில் மேலும் பஞ்சு சரிந்தது.

“அள்ளுனா அவ மேலதான விழுது? தட்டிய அறுங்க, வெரசா” என்றாள் கீழே நின்ற என் மனைவி.

கயிற்றை அறுத்தேன். தட்டி சாய்ந்தது, பஞ்சோடு மகளும் வெளியே விழுந்தாள். வெகுநேரம் இருமிவிட்டுக் கேட்டாள்: “அவ்வளவு கத்துனேனே, கேக்கலையாப்பா?”

பஞ்சு அவள் குரலை வெளியே விடவேயில்லை. இப்போது என் வண்டித்தட்டி இடுப்புயரந்தான். உள்ளே யாரையும் இறக்குவதில்லை. ஆனாலும் பஞ்சு ஏற்றும்போதெல்லாம் இடையில் நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்கிறேன்.