நூற்றிருபது என்றால் மேட்டூர்

இங்கே கார் என்னைத் திட்டுகிறது. முள் நூற்றிருபதைத் தாண்டினால் போதும், 'டிங் டிங்' என்று ஆரம்பித்துவிடும். காலைத் தளர்த்தும்வரை விடாது. ஊரில் என்னைத் திட்டுவதற்கு ஒரு தெருவே இருந்தது. அபுதாபியில் அந்த வேலையையும் மெஷினிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சாலையோரத்தில் வட்டத்துக்குள் 120 என்று முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வேகம் ஞாபகம் வரவில்லை. 'அடடே, மேட்டூர் ரொம்பிட்டு!' என்றுதான் தோன்றியது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அணையின் முழு நீர்மட்டம் நூற்றிருபது அடி. எங்கள் வீட்டில் காலையில் டீக்கு முன்னாலேயே அந்த எண்ணை விசாரித்துவிடுவார்கள். நூற்றிருபது என்றால் அப்பா அம்மாவிடம் சிரித்துப் பேசுவார். எண்பது என்றால் குறுவை நடவு இல்லை. அம்மா அன்றைக்கு அவர் பக்கமே போகமாட்டார்.

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர்ச் சாலையில் வேகப் பலகையே இல்லை என்று சொன்னால் பாவம். ஒன்று இருந்தது. அதன்மேல் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வேகத்தை உண்மையில் முடிவு செய்தது உளுந்துச் செடிதான். அறுத்துக்கொண்டுவந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறி உளுந்து உதிரும். மெதுவாகப் போனால், "ஏறிப் போயேன்டா, செடிக்கு வலிக்குமா?" என்பார்கள். வேகமாகப் போனால், "பறக்குறான் பாரு, உளுந்தெல்லாம் வாய்க்காலுக்குப் போவுது!" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்குச் சரியாக விளங்கிய கணக்கு அது ஒன்றுதான்.

இங்கே கணக்கு வேறு. பக்கத்துத் துபாயில் பலகையில் இருப்பதற்குமேல் இருபதுவரை போனாலும் கேமரா கண்டுகொள்ளாது. எல்லைக்கோட்டைத் தாண்டி அபுதாபிக்குள் வந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. அதே கார், அதே மணல், அதே நான். இந்தப் பக்கம் மட்டும் குற்றவாளி. நான் ஒரு வயதான அரபுக்காரர் வீட்டில் டிரைவர். வீட்டு டிரைவர்கள் முதலாளியைப் 'பாபா' என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே பாபா தன் போனைத் தூக்கிக் காட்டினார். "த்ரீ மந்த். ஒன் மெசேஜ் கம், யூ கோ இந்தியா." மூன்று மாதம் சோதனைக் காலம்; அபராதம் விழுந்தால் செய்தி அவருக்குத்தான் போகும்.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது, ஜூன் மாதக் காலையில், மணல் காற்று எழுந்தது. பாபா எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தார். வானம் செங்கல் சூளைப் புகை மாதிரி ஆகிவிட்டது. சாலைக்கு மேலிருந்த மின்பலகையில் 120 அணைந்து 80 எரிந்தது. அடுத்து நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. முன்னால் போன லாரி, பஸ், கோடீஸ்வரன் கார் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. போலீஸ் இல்லை, விசில் இல்லை, லத்தி இல்லை. வெறும் ஓர் எண். எங்கள் ஊர்த் தேரை நிறுத்தவே நாற்பது பேர் கத்த வேண்டும். வாயைப் பிளந்து பார்த்ததில் என் கால் மட்டும் அடங்க மறந்துவிட்டது. "ஐயையோ, மேட்டூரு எண்பதுக்கு எறங்கிட்டே!" என்று கத்திவிட்டுப் பிரேக்கை மிதித்தபோது கேமரா பின்னால் போயிருந்தது.

"வாட் ஹேப்பன்?" என்றார் பாபா.

"மை கன்ட்ரி, பாபா, ஒன் ட்வென்டி வெரி குட். எய்ட்டி… மை ஃபாதர் ஃபினிஷ்."

குறுவை போய்விடும் என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அதனால் அப்பாவை முடித்துவிட்டேன். பாபாவின் முகம் மாறியது. "ஃபாதர்? கார் ஆக்ஸிடென்ட்? எய்ட்டி?" என்று கேட்டு என் தோளில் கைவைத்தார், கண்ணை மூடி ஏதோ ஓதினார். நான் திருத்தாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் போன் அடித்தது. செய்தி. படித்தார், என்னைப் பார்த்தார், போனைப் பைக்குள் போட்டார். "மாஃபி முஷ்கில்" என்றார். பரவாயில்லையாம். வேலை தப்பித்தது. உயிரோடு வயலில் நிற்கிற மனுஷனைக் கொன்று தப்பித்த வேலை.

அப்போது பார்த்து என் போனில் வீடியோ கால். திரையில் அப்பா, தலையில் துண்டோடு. சிவப்பை அமுக்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பாபாவின் கை மறுபடி என் தோளுக்கு வந்திருந்தது. பச்சையை அமுக்கி, போனை அவர் பக்கம் திருப்பினேன். "பாபா, ஃபாதர் நோ ஃபினிஷ். திஸ் ஃபாதர்."

"டேய், தண்ணி வந்துட்டுடா!" என்று கத்திய அப்பா, பாபாவைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்தார். "வணக்கம்ங்க, சாப்டீங்களா? ஏன்டா பெரியவரு பேயைப் பாத்த மாதிரி பாக்குறாரு?"

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டாருப்பா."

"எவன்டா சொன்னது?"

"நான்தான்."

"அதானே பாத்தேன். தண்ணி வர்ற அன்னிக்கா சொல்லுவ? ஒரு வாரம் கழிச்சுச் சொல்லப்படாது?"

அப்பா போனை வாய்க்கால் பக்கம் திருப்பினார். வெடித்துக் கிடந்த தரையில் தண்ணீர் நாக்கை நீட்டி வந்துகொண்டிருந்தது. முன்னால் நுரை, சருகு, தேங்காய் மட்டை, யாருடைய செருப்போ ஒன்று. அதைக் காட்டிக்கொண்டே அப்பா அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார்; அவருடைய வெறுங்கால் அவ்வப்போது திரையில் வந்து போனது. மேட்டூரில் திறந்து பல நாளாகி, கடைமடைக்கு வந்த தண்ணீர். பாபா போனைக் கையில் வாங்கிக்கொண்டார். "சுப்ஹானல்லா" என்றார் மெதுவாக. பிறகு, "ஸ்பீட்?" என்று கேட்டார்.

"நோ ஸ்பீட், பாபா. ஃபாதர் வாக்கிங், வாட்டர் வாக்கிங்."

அணைப் படத்தைத் தேடியெடுத்து, 120 என்ற கோட்டைக் காட்டி, கை கால் எல்லாம் ஆட்டிப் பாதி விளக்கினேன். மீதியை அவரே புரிந்துகொண்டார். பிறகு இரண்டு விரலைத் தூக்கினார். "யூ, டூ மெசேஜ்." வேகத்துக்கு ஒன்று, அப்பாவைக் கொன்றதற்கு ஒன்று. அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். "வாட்டர், நோ மெசேஜ். ஃபாதர் குட். யூ ஸ்டே. ஷ்வை ஷ்வை." தண்ணீருக்கு அபராதமே விழாது, அது மாதிரி மெல்லப் போ என்றுதான் அதற்கு அர்த்தம்.

இப்போது இரண்டாவது வருஷம். 120 பலகையைக் கடக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து "மேத்தூர்!" என்று குரல் வரும். 80 எரிந்தால், "ஃபாதர் ஓகே?" தலையாட்டிவிட்டு ஓட்டுகிறேன், மணி அடிக்காத அளவுக்கு, மிகச் சரியாக. கண்ணாடிக்கு வெளியே மணல் பறக்கிறது. உள்ளே, எனக்குக் கொஞ்சம் முன்னால், அப்பா பின்பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறார். இந்த வேகத்தில் போயும் அவரை எட்ட முடியவில்லை.